மூன்று இடத்துக்கு எந்த டேமேஜ் தடுப்புக் கார்டு?

‘மேஜிக்: த கேதரிங்’ சீட்டாட்டத்தில் கமாண்டர் வகைக்கு, அதாவது ஒரு தலைமைக் கிரியேச்சரைக் கமாண்டராக வைத்து ஆடும் வகைக்கு, டெக்கைக் கட்டி முடிக்கும் நேரம். மனா (கார்டு போடக் கட்டும் விலை) தரும் லேண்டுகளை எண்ணியாயிற்று. கார்டு இழுக்கிறவை, எதிராளியின் கிரியேச்சரை (அடிக்கவும் மறிக்கவும் நிற்கும் படைக் கார்டு) தூக்குகிறவை எல்லாம் இடம் பிடித்துவிட்டன. மிச்சம் மூன்று இடம். எதிரே ஒருவர் இருபது டோக்கன்களை (வேறு கார்டு உருவாக்கித் தரும் கிரியேச்சர்கள்) மொத்தமாகத் திருப்பி ஏறி வரும் அந்த ஒரு முறையில் சாகாமல் இருக்க ஏதாவது வேண்டும். இந்த ஆட்டத்தில் அதற்கான தடுப்புக் கார்டுகள் 1993-இல் வந்த முதல் தொகுப்பிலேயே உண்டு, அதற்குப் பிறகு நிறையச் சேர்ந்துவிட்டன. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் உட்காரும் மேசையை மனதில் வைத்து, ஆளுக்கு 40 லைஃப், நூறு கார்டு என்ற கமாண்டர் கணக்கில் இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். பவானிசாகரில் மதகை இறக்கினால் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நிற்கும். அணைத் தண்ணீர் எங்கும் போய்விடாது. தடுப்புக் கார்டும் அப்படித்தான். இந்த முறை அடி விழாது. அடிக்க வந்த படை முழுசாக அப்படியே நிற்கும், அடுத்த முறை திரும்ப வரும். அதனால் எவ்வளவு டேமேஜைத் தடுக்கும் என்று பார்த்துக் கார்டைத் தேர்ந்தெடுப்பது வீண். தடுத்ததோடு வேறென்ன நமக்கு மிஞ்சுகிறது என்று பாருங்கள். கார்டு திரும்பக் கைக்கு வருமா? எதிராளியின் படை கட்டுண்டு நிற்குமா? நம் கிரியேச்சர்கள் மட்டும் அடிக்க முடியுமா? ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் அந்த இடத்தில் கூடுதலாக ஒரு லேண்டை வைத்துக்கொள்வதே மேல்.

இதற்குச் சான்று முதல் தொகுப்பிலேயே இருக்கிறது. ஒரு மனாவுக்கு மூன்று என்ற கணக்கில் நிறத்துக்கொன்றாக ஐந்து கார்டுகள் அதில் உண்டு. சிவப்பில் லைட்னிங் போல்ட், மூன்று டேமேஜ். வெள்ளையில் ஹீலிங் சால்வ், மூன்று லைஃப் ஏற்றலாம் அல்லது அடுத்து வரும் மூன்று டேமேஜைத் தடுக்கலாம். எண்ணும் விலையும் ஒன்றுதான். ஆனால் லைட்னிங் போல்ட்டுக்கு இன்றும் மதிப்பு உண்டு, ஹீலிங் சால்வைத் தேடுவாரில்லை. போல்ட்டை நினைத்த நேரத்தில் போடலாம். சால்வுக்கோ சரியான டேமேஜ் வரும்வரை ஒரு மனாவைச் செலவழிக்காமல் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். தடுப்புக் கார்டின் உண்மையான விலை அந்தக் காத்திருப்புதான். நாலு பேர் மேசையில் மூன்று எதிராளிகளின் முறைகளையும் தாண்டிக் காக்க வேண்டும்.

அடுத்தது நேரம். கார்டு எதுவானாலும் தப்பான நேரத்தில் போட்டால் தண்டம். சண்டையில் படிகள் ஐந்து: சண்டைத் தொடக்கம், அடிப்பவற்றை அறிவிப்பது, மறிப்பவற்றை அறிவிப்பது, டேமேஜ், முடிவு. மறிப்பதை அறிவித்து முடித்ததும் எதிரில் இருப்பவர் உங்களைப் பார்த்து, “டேமேஜுக்குப் போலாமுங்களா?” என்பார். அந்தக் கேள்விக்கும் அவர் பகடையைத் திருப்பி உங்கள் லைஃபைக் குறைப்பதற்கும் இடைப்பட்ட நேரம்தான் உங்களுடையது. “பொறுங்க” என்று அங்கேயே சொல்லிக் கார்டை மேசையில் வையுங்கள். டேமேஜ் விழுந்துவிட்டால் பின்னோக்கித் தடுக்க எந்தக் கார்டாலும் முடியாது. மறிக்க ஒரு கிரியேச்சர்கூட இல்லையென்றாலும் அந்தப் படி உண்டு. அடிப்பவருக்கே முதலில் வாய்ப்பு, அவர் விட்ட பிறகுதான் வரிசையாக மற்றவர்களுக்கு. அவர் தன் பெருக்கும் கார்டுகளையெல்லாம் கொட்டித் தீர்த்த பிறகு நீங்கள் பேசலாம் என்பது இதில் உள்ள லாபம். முதல் அடி (மற்றவற்றுக்கு முந்தி அடிக்கும் திறன்) உள்ள கிரியேச்சர் வந்தால் டேமேஜ் படி இரண்டு தடவை நடக்கும். முதலாவது முடிந்த பிறகு விழித்துக்கொண்டால் இரண்டாவதை மட்டுமே தடுக்க முடியும்.

இனிக் கார்டுகள். ஃபாக், ஒரு பச்சை மனா, இந்த முறையின் சண்டை டேமேஜ் முழுதும் தடை. ஹோலி டே அதையே வெள்ளையில் செய்கிறது. இரண்டும் மலிவு, எளிது. கமாண்டருக்கு இரண்டையும் நாங்கள் பரிந்துரைக்கவில்லை. ஒரு கார்டைக் கொடுத்து ஒரு முறையை வாங்குகிறீர்கள், அதோடு சரி. மூன்று எதிராளிகளில் ஒருவரின் ஒரு தாக்குதலுக்கு ஒரு கார்டு கட்டுப்படியாகாது.

ஒரு மனா கூடக் கொடுத்தால் நல்ல சரக்கு கிடைக்கிறது. டேங்கிள் இரண்டு மனா. சண்டை டேமேஜைத் தடுப்பதோடு, அடிக்க வந்த ஒவ்வொரு கிரியேச்சரும் அதை வைத்திருப்பவரின் அடுத்த முறையில் நிமிராது (அடிக்கும் கார்டைப் பக்கவாட்டில் படுக்கவைப்பார்கள், தன் முறை தொடங்கும்போதுதான் அது நிமிரும்). அதாவது அதே படை அடுத்த முறையும் படுத்தே கிடக்கும். அடிக்கவும் முடியாது, உங்கள் முறையில் மறிக்கவும் முடியாது. ஒரு கார்டுக்கு இரண்டு தாக்குதல் போயிற்று. இதில் இரண்டு இடத்தில் கைதவறும். அடிப்பவற்றை அறிவிக்கும் முன்பே போட்டால் அந்தப் பூட்டு எதன்மீதும் விழாது, வெறும் ஃபாக் ஆகிவிடும். விஜிலன்ஸ் உள்ள கிரியேச்சர் அடிக்க வரும்போதே படுப்பதில்லை, அதை நிமிரவிடாமல் செய்வதில் பயனுமில்லை.

மொமென்ட்ஸ் பீஸ் இரண்டு மனாவுக்குக் கையிலிருந்து ஒரு தடவை, மூன்று மனாவுக்குக் கல்லறைக் குவியலிலிருந்து (ஆடி முடித்த, செத்த கார்டுகள் சேரும் இடம்) இன்னொரு தடவை. டேங்கிள் ஒரே ஆளை இரண்டு முறை கட்டிப்போடும்; மொமென்ட்ஸ் பீஸ் இரண்டு வெவ்வேறு ஆட்களை ஆளுக்கொரு முறை நிறுத்தும். நாலு பேர் மேசைக்கு இரண்டாவதே பொருத்தம், இருவர் ஆட்டத்துக்கு டேங்கிள். மொமென்ட்ஸ் பீஸின் இரண்டாம் பாதி எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். அது பலமும்தான், ஏனென்றால் மூன்று மனா திறந்திருக்கும்வரை உங்களை அடிக்க வருபவர் யோசிப்பார். கல்லறையைத் துடைக்கும் கார்டு ஒன்று வந்தால் அந்தப் பாதி போய்விடும்.

இந்த ஒப்பீட்டில் எங்கள் மனசு அதிகம் சாய்வது மூன்று கார்டுகள் பக்கம். மூன்றும் அடியைத் தடுக்கும், ஆனால் மறிக்கும் விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. அதைத் தெரியாமல் ஆடினால் பாதிப் பலன் மேசையிலேயே தங்கிவிடும்.

அப்ஸ்க்யூரிங் ஹேஸ் 2020-இல் கமாண்டர் ஆட்டத்துக்கென்றே வந்தது. விலை மூன்று மனா. உங்கள் கமாண்டர் களத்தில் இருந்தால் இலவசம். எதிராளிகளின் கிரியேச்சர்கள் இந்த முறையில் தரும் டேமேஜ் எல்லாவற்றையும் தடுக்கும். சண்டை டேமேஜ் மட்டுமல்ல, கிரியேச்சர் தன் திறனால் சுண்டிவிடும் டேமேஜும் இதில் அடங்கும். உங்கள் கிரியேச்சர்கள் தரும் டேமேஜுக்குத் தடையே இல்லை. ஆகவே தாராளமாக மறியுங்கள். இருக்கும் பெரிய கிரியேச்சர்களையெல்லாம் முன்னே நிறுத்தி, மறிப்பை அறிவித்த பிறகு இதைப் போட்டால் அவர்களின் படை சாகும், உங்களுடையது கீறல் இல்லாமல் நிற்கும். லேண்டு முழுதும் படுத்திருக்கும் நேரத்தில் வருவதால் யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். சூதானமான ஆள் சண்டைக்கு முன்பே உங்கள் கமாண்டரைத் தூக்கிவிடுவார், அப்போது இது மூன்று மனா கார்டு. எட்டு, ஒன்பது மனா கமாண்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கார்டு சரிப்படாது.

இங்க்ஷீல்டு நேர் எதிர். கறுப்பும் வெள்ளையும் கலந்த ஐந்து மனா. உங்கள்மீது விழும் சண்டை டேமேஜைத் தடுத்து, தடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் பறக்கும் 2/1 (அடிப்பது 2, தாங்குவது 1) இங்க்லிங் டோக்கன் ஒன்று தருகிறது. 25 டேமேஜ் வந்தால் 25 டோக்கன். இங்கே மறிக்கவே கூடாது. நீங்கள் மறித்த ஒவ்வொரு கிரியேச்சரும் உங்கள்மீது விழ வேண்டிய டேமேஜைத் தின்றுவிடும், அத்தனை டோக்கன் நட்டம். டபுள் ஸ்ட்ரைக் (இரண்டு டேமேஜ் படியிலும் அடிக்கும் திறன்) உள்ள கிரியேச்சரை மறிக்காமல் விட்டால் இரண்டு தடவையும் டோக்கன் வரும். அடுத்த உங்கள் முறையில் ஆட்டமே முடிந்துவிடலாம். ஐந்து மனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். இன்ஸ்டன்ட்டாக, அதாவது யார் முறையிலும் போட்டு, கார்டு இழுக்கும் ஒன்றிரண்டு டெக்கில் இருந்தால், யாரும் அடிக்காத சுற்றில் அந்த மனா வீணாகாது.

அராக்னோஜெனிசிஸ் பச்சையில் மூன்று மனா. உங்களை அடிக்கும் கிரியேச்சர் எத்தனையோ அத்தனை 1/2 சிலந்தி டோக்கன்கள், சிலந்தி அல்லாதவற்றின் சண்டை டேமேஜ் தடை. இதை மட்டும் மறிப்புக்கு முன்பே, அடிப்பவற்றை அறிவித்த உடனே போட வேண்டும். அப்போதுதான் புதுச் சிலந்திகள் மறிக்க வரும். ரீச் உள்ளதால் பறப்பவற்றையும் மறிக்கும். 1/1 டோக்கன் படை ஏறி வந்தால் சிலந்திக்கொன்றாகச் சாகும், சிலந்திக்கு ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு பெரிய பூதம் வந்தால் கிடைப்பது ஒரே சிலந்தி. டோக்கன் டெக்குகள் அதிகம் உலவும் கூட்டத்துக்கே இது.

ஸ்போர் ஃப்ராக் வேறு ரகம். ஒரு பச்சை மனாவுக்கு 1/1 தவளை. அதைப் பலி கொடுத்தால் அந்த முறையின் சண்டை டேமேஜ் முழுதும் தடை. வெள்ளையில் காமி ஆஃப் ஃபால்ஸ் ஹோப் அதே வேலையைச் செய்யும். பலி கொடுப்பது திறனுக்கான விலை என்பதால் தவளையைக் கொன்று தப்பிக்க முடியாது. சண்டைக்கு முன் அதன்மீது போல்ட் போட்டால் பதிலுக்குப் பலி கொடுத்துவிடுங்கள். தடை அந்த முறை முடியும்வரை இருக்கும். அதை உண்மையிலேயே அகற்ற நினைப்பவர் தன் முறை வரும் முன்பே வேறொருவர் முறையில் வேலையை முடிக்க வேண்டும். ஸ்பெல்லை முறிக்கும் சாதாரண நீலக் கார்டுகள் இந்தத் திறனைத் தொடாது. ஃபாக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தவளைக்கு மனா திறந்து வைக்கவும் தேவையில்லை. முல்ட்ரோதா போலக் கல்லறையிலிருந்து ஒவ்வொரு முறையும் கிரியேச்சர் ஒன்றைப் போட விடும் கமாண்டர் இருந்தால், சுற்றுக்கு ஒரு மனா கட்டி ஒரு தாக்குதலை நிறுத்திக்கொண்டே இருக்கலாம். எதிராளிகளில் இரண்டாவது ஆள் அதே சுற்றில் அடித்தால் தவளை அங்கே இருக்காது. ஆனால் நடைமுறையில், களத்தில் தவளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவுடன் மூவரும் பக்கத்து ஆளை அடிக்கப் போவார்கள். தவளையின் பாதி வேலை அதுதான்.

கான்ஸ்டன்ட் மிஸ்ட்ஸ் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பலர் இதைத் தோற்கவே முடியாத கார்டு என்று நினைத்து வாங்குகிறார்கள். இரண்டு மனா ஃபாக், கூடவே ஒரு லேண்டைப் பலி கொடுத்தால் கார்டு கைக்கே திரும்பும். கணக்குப் போடுங்கள். எட்டு லேண்டோடு உட்கார்ந்திருக்கிறீர்கள், மூவரும் அடிக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு லேண்டைப் படுக்கவைத்து மனா எடுத்து, படுத்ததில் ஒன்றைப் பலி கொடுக்கிறீர்கள். சுற்று முடிவில் ஐந்து லேண்டு. உங்கள் முறையில் ஒன்று வைத்தால் ஆறு. அந்த மனாவில் வேறெதுவும் செய்யாமல் இருந்தால்தான் அடுத்த மூன்று தாக்குதலையும் தடுக்க முடியும். முடிவில் மூன்று லேண்டு. ஒன்று வைத்தால் நாலு, அதாவது இரண்டு தடவை மட்டும். மூன்றாவது சுற்றில் மூன்றாவது ஆளின் அடி உள்ளே வந்துவிடும். இத்தனைக்கும் இடையில் உங்கள் முறைகளில் நீங்கள் ஒரு கார்டையும் ஆடவில்லை. கல்லறையிலிருந்து லேண்டு வைக்க விடும் க்ரூசிபிள் ஆஃப் வேர்ல்ட்ஸ் போன்ற கார்டும், முறைக்கு இரண்டு லேண்டு வைக்கும் வழியும் இருந்தால்தான் இது நிற்கும். இன்னொரு பள்ளம்: லேண்டைப் பலி கொடுப்பது கார்டு போடும்போதே கட்டும் விலை. கார்டு நிறைவேறினால்தான் கைக்குத் திரும்பும். நீல ஆள் அதை முறித்தால் லேண்டும் போச்சு, கார்டும் கல்லறைக்கு. லேண்டு டெக்கு இல்லாதவர்கள் இதைத் தொட வேண்டாம். லேண்டு டெக்கு உள்ளவர்களும், தடுத்த முறைகளில் ஆட்டத்தை முடிக்க ஒரு வழி வைத்திருங்கள். உக்கடம் போய்ப் பொள்ளாச்சி பஸ் பிடிக்க வேண்டியவரை இரண்டு மணி நேரம் அடிக்கவும் விடாமல், முடிக்கவும் முடியாமல் உட்காரவைப்பது முறையல்ல.

வெள்ளையில் முதலிடம் டெஃபெரிஸ் ப்ரொடெக்ஷனுக்கு. மூன்று மனா. உங்கள் அடுத்த முறை வரும்வரை லைஃப் மாறாது, எதனிடமிருந்தும் உங்களுக்குப் பாதுகாப்பு, உங்கள் களம் முழுதும் மறைந்து உங்கள் அடுத்த முறையில் திரும்பும். மற்ற தடுப்புக் கார்டுகள் ஒரு ஆளின் ஒரு முறையை நிறுத்துகின்றன. இது சுற்று முழுவதையும் நிறுத்துகிறது. யாராவது களத்தைத் துடைக்கும் கார்டு போட்டாலும் உங்களுடையது தப்பும். காசு கூடக் கேட்கும் கார்டு, கொடுத்தாலும் தகும்.

சிவப்பும் வெள்ளையும் சேர்ந்த டெக்குக்கு டெஃப்லெக்டிங் பாம், இரண்டு மனா. நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரு மூலம் (டேமேஜ் தரும் கிரியேச்சர் அல்லது கார்டு) உங்களுக்குத் தரவிருந்த டேமேஜைத் தடுத்து, அதே அளவு அதை வைத்திருப்பவருக்குத் திருப்பும். எதையும் குறிவைப்பதில்லை, அதனால் எதிராளி குறிவைக்க முடியாதபடி காக்கும் ஹெக்ஸ்ப்ரூஃப் உதவாது. பெரிதாக ஒன்றை வளர்த்து அடிப்பவர்களுக்கு எதிராக இதைவிடச் சுவையான கார்டு இல்லை. டோக்கன் படைக்கு எதிராக ஒன்றுமே இல்லை.

களத்திலேயே நிற்கும் தடுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சர்க்கிள் ஆஃப் ப்ரொடெக்ஷன் வரிசை ஒரு நிறத்துக்கு மட்டும், ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு மனா. பத்து சிவப்பு கோப்ளின் வந்தால் பத்து மனா. எதிரே யார் எந்த நிறம் என்று தெரியாத மேசைக்கு ஒத்துவராது. 1993-இன் ஆல்ஃபா அச்சில் இந்த வரிசையின் கறுப்புக் கார்டு தவறுதலாக விட்டுப்போய், அடுத்த பீட்டா அச்சில்தான் சேர்ந்தது என்பதைப் பழைய கார்டு சேர்ப்பவர்கள் அறிவார்கள். மேஸ் ஆஃப் இத் ஒரு லேண்டுதான், ஆனால் மனா தராது. அதை லேண்டு கணக்கில் சேர்த்துவிட்டு மனா இல்லாமல் தவிப்பது அடிக்கடி நடக்கும் தப்பு. சுற்றுக்கு ஒரு தடவைதான் வேலை செய்யும். கிளேசியல் கேஸம் உங்கள்மீது வரும் டேமேஜ் முழுதையும் தடுக்கும், ஆனால் ஒவ்வொரு முறைத் தொடக்கத்திலும் 2, 4, 6, 8, 10 என்று லைஃப் கட்டிக்கொண்டே போக வேண்டும். 40 லைஃபோடு தொடங்கினால் ஐந்து முறையில் 30 போய்விடும், ஆறாவது முறைக்குக் கட்ட 12 இருக்காது. அந்தக் காலம் முழுதும் உங்கள் கிரியேச்சர்களும் அடிக்க முடியாது.

எதை வாங்கினாலும் அது எங்கே பலிக்காது என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். லைஃப் இழப்பு வேறு, டேமேஜ் வேறு. ‘லைஃப் இழக்கிறார்’ என்று எழுதியிருக்கும் கறுப்புக் கார்டுகளை எந்த டேமேஜ் தடுப்பும் நிறுத்தாது. ஃபாக் வகைகள் சண்டை டேமேஜை மட்டுமே தடுக்கும். ஃபயர்பால் போன்ற நேரடி டேமேஜ் கார்டு நேரே வந்து விழும். அடிக்க வரும்போதே நடக்கும் திறன்கள், எதிரில் இருப்பவரைத் தன் களத்துக் கார்டுகளைப் பலி கொடுக்கவைக்கும் அனைஹிலேட்டர் மாதிரி, ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். சண்டை டேமேஜ் தந்தால் கார்டு இழு என்பது போன்றவை நடக்காது. ஒரே கமாண்டரிடம் 21 சண்டை டேமேஜ் வாங்கினால் தோல்வி என்ற கணக்கிலும் தடுத்த டேமேஜ் சேராது.

டேமேஜைத் தடுக்க முடியாதபடி செய்யும் கார்டுகளும் உண்டு. ஸ்கல்கிராக், போன்க்ரஷர் ஜயன்ட்டின் ஸ்டொம்ப், லெய்லைன் ஆஃப் பனிஷ்மென்ட், தன்னை வைத்திருப்பவரின் கிரியேச்சர்கள் தரும் சண்டை டேமேஜுக்கு அந்த வரம் தரும் குவெஸ்டிங் பீஸ்ட். நீங்கள் ஃபாக் போட்டு முடித்த பிறகு ஸ்டொம்ப் வந்தாலும் ஃபாக் செல்லாது, ஏனென்றால் டேமேஜ் விழும் நொடியில் என்ன நிலை என்பதே கணக்கு. அந்த நிலையிலும் தடுப்புக் கார்டின் மற்ற வாசகம் வேலை செய்யும்: டேங்கிள் போட்டிருந்தால் அடி விழும், ஆனால் படை நிமிராது. இங்க்ஷீல்டு தடுத்தது பூஜ்யம், டோக்கனும் பூஜ்யம்.

மேசையில் அதிகம் வாக்குவாதம் வரும் இடம், டேமேஜை இரட்டிப்பாக்கும் கார்டும் தடுப்பும் சேரும்போது. எதை முதலில் செய்வது என்று முடிவெடுப்பவர் அடிபடுபவர்தான். ஐந்து டேமேஜ் வருகிறது, மூன்றைத் தடுக்கும் கார்டு உங்களிடம். முதலில் தடுத்தால் மிச்சம் 2, இரட்டிப்பாகி 4. முதலில் இரட்டிப்பாக்கினால் 10, தடுத்தபின் 7. இப்படி அளவு குறித்த தடுப்பென்றால் எப்போதும் தடுப்பை முதலில் சொல்லுங்கள்.

எத்தனை வைப்பது? நாலு பேர் ஆட்டத்தில் உங்கள் எட்டாவது முறைக்குள், கூடுதலாக இழுக்காவிட்டால், 15 கார்டு பார்த்திருப்பீர்கள். கமாண்டர் போக மிச்சமுள்ள 99 கார்டில் தடுப்பு ஒன்றே ஒன்று என்றால் அதற்குள் கைக்கு வரும் வாய்ப்பு 15 விழுக்காடு, மூன்று என்றால் ஏறக்குறைய 39, ஐந்து என்றால் 57. ஐந்து வைத்து, தொடக்கக் கையிலேயே இரண்டு வந்து உட்கார்ந்துவிட்டால் ஆட்டமே நகராது. மூன்று போதும். ஃபாயில் (பளபளப்புப் பூச்சு உள்ள) கார்டாக வாங்காதீர்கள். ஆடி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரலோடு வரும் ஈரக் காற்றில் ஃபாயில் வளைந்துகொள்ளும். ஸ்லீவுக்குள் இருந்தாலும் கையில் எது வளைந்த கார்டு என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். மறைவாக இருப்பதே பாதி பலமான கார்டுகளுக்கு அது கூடாது.

பச்சை டெக்கு, ஐந்து மனாவுக்குள் கமாண்டர் என்றால் அப்ஸ்க்யூரிங் ஹேஸ், மொமென்ட்ஸ் பீஸ், மூன்றாவது இடத்துக்கு உங்கள் கூட்டத்தில் டோக்கன் அதிகமென்றால் அராக்னோஜெனிசிஸ். கல்லறையில் வாழும் டெக்குக்கு ஸ்போர் ஃப்ராக் முதலில், மற்ற இரண்டு இடத்தையும் அந்தத் தவளையைத் திரும்பக் கொண்டுவரும் கார்டுகளுக்கே கொடுங்கள். கறுப்பு வெள்ளைக்கு இங்க்ஷீல்டும் டெஃபெரிஸ் ப்ரொடெக்ஷனும், மூன்றாவது தேவையில்லை. வேகமாக அடித்து முடிக்கும் சிவப்பு டெக்குக்கு ஒன்றுகூட வேண்டாம், அந்த மூன்று இடத்திலும் அடிக்கிற கார்டையே வையுங்கள். கையில் காசு குறைவு, அறுபது கார்டு வைத்து இருவர் ஆடும் பழக்கம் என்றால் டேங்கிள் மூன்று பிரதி வாங்கி, முதல் நாலைந்து ஆட்டத்தில் அதை எந்தப் படியில் போட்டீர்கள் என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள்.